குதிரைக்குப் பின்னால் தொங்கிய தாள்

அன்பு மகனுக்கு,

அப்பா எழுதுகிறேன். உன் இன்லண்டு லெட்டர் திங்கட்கிழமை வந்தது. இங்கே நாங்கள் இருவரும் இருக்கிறபடி இருக்கிறோம். உன் அம்மாவுக்கு முழங்கால் வலி குறையவில்லை. எனக்கு இடது கண்ணில் புரை என்று டாக்டர் சொல்லிவிட்டார். அதனால் வரி கோணிப் போனால் கோபித்துக்கொள்ளாதே. கல்யாணப் பத்திரிகை அச்சாகி வந்துவிட்டது, உன் பெயரில் பிழையில்லை. நீ இரண்டு விஷயம் எழுதியிருந்தாய். நீ வேலை பார்க்கும் கைவினைக் கடைக்கு விலைப்பட்டியல் போட, பொம்மை, விளக்கு, மரச் சிற்பம் எல்லாவற்றையும் படமெடுக்கும் வேலை உன் தலையில் விழுந்திருக்கிறது. பின்னால் கட்ட ஒரு திரை வாங்கித் தரக்கூட முதலாளிக்கு மனசில்லை. ‘நீங்கள் அந்தக் காலத்தில் சினிமா போஸ்டரில் என்னமோ செய்வீர்களே அப்பா, அது எப்படி?’ என்று கேட்டிருந்தாய். இன்னொன்றைக் கடைசியில், இடமில்லாமல் ஓரத்தில் நுணுக்கி எழுதியிருந்தாய்: ‘அரும்பாவூர் மாமாவுக்குப் பத்திரிகையைத் தபாலில் போட்டால் போதும், அவர் எப்படியும் வரப்போவதில்லை.’ முதல் கேள்விக்கு மட்டும் பதில் எழுதி முடித்துவிடலாம் என்றுதான் உட்கார்ந்தேன். முடியவில்லை. இரண்டுக்கும் பதில் ஒரே இடத்தில்தான் கிடக்கிறது. அதனால்தான் இன்லண்டை விட்டுவிட்டுக் கவரில் எழுதுகிறேன்.

திரையைப் பற்றி முதலில் சொல்கிறேன். பெரம்பலூர் பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் நம் ஸ்டுடியோ இருந்தபோது பின்னால் ஒரு பெயிண்டிங் திரை தொங்கும், உனக்கு ஞாபகம் இருக்கும். மாடிப்படி, பூந்தொட்டி, தூரத்தில் ஒரு ஏரி. கல்யாண ஜோடிகளுக்கு அது பொருந்தும். ஒரு குத்துவிளக்கைக் கொண்டுவந்து அதன்முன் வைத்தால், யாரோ மாடியிலிருந்து விளக்கை இறக்கி வைத்துவிட்டு மறந்து போனதுபோல இருக்கும். பொருளைப் படமெடுக்க வெறும் திரைதான் வேண்டும். அதற்கு நான் டூரிங் டாக்கீஸ்காரரிடம் ஒட்டாமல் மிஞ்சிய போஸ்டர்களை வாங்கிவருவேன். அவ்வளவு பெரிய தாள் வேறெங்கே சும்மா கிடைக்கும்? நாலு போஸ்டரைக் கவிழ்த்துப் போட்டு, ஓரத்தோடு ஓரம் இரண்டு விரல் அகலம் ஏற்றி, மைதாப் பசையால் ஒட்டவேண்டும். பசையில் துளி மயில்துத்தம் போட்டால் பூச்சி அரிக்காது. அது விஷம், கையை நன்றாகக் கழுவிக்கொள். காய்ந்தபிறகு, சலித்த கரிசல் மண்ணைச் சோற்றுக் கஞ்சியில் குழைத்து, வெளுப்புக்குக் கொஞ்சம் சுண்ணாம்பு சேர்த்து, வெள்ளையடிக்கிற மட்டையால் ஒரே திசையில் இழுத்துவிடு. அருமையான சாம்பல் நிறம் வரும், கொஞ்சமும் பளபளக்காது. மெட்ராஸில் கரிசலுக்கு எங்கே போவாய்? இஸ்திரி போடுகிறவரிடம் பெட்டிக்கரி கேட்டு வாங்கிப் பொடிசெய்து கலந்தால் அதே வேலையைச் செய்யும். மண் காய்ந்தால் தாள் வெடிக்கும் என்று பயப்படாதே, கஞ்சி பிடித்துக்கொள்ளும். அதை ஒருநாளும் மடித்து வைக்காதே. மூங்கில் கழியில் சுருட்டி வை.

கட்டுகிற விதம்தான் முக்கியம். சுவரில் ஆளுயரத்துக்கு மேலே கட்டி, அதை விறைப்பாக இழுக்காமல், தொட்டில் துணி தொங்குகிற வளைவில் இறக்கி, தரைவரைக்கும் படரவிடு. சுவர் எங்கே முடிகிறது, தரை எங்கே தொடங்குகிறது என்று கேமராவுக்குத் தெரியக்கூடாது. பொருளைத் தாளோடு ஒட்டி வைக்காதே. இரண்டு முழமாவது முன்னால் நகர்த்தி வை. அப்போதுதான் அதன் நிழல் பின்னால் விழாது, ஒட்டுப்போட்ட கோடும் படத்தில் மங்கிவிடும். காலை ஒன்பது மணி வெயில் வாசல் வழியாக வரட்டும். அது சுள்ளென்று இருந்தால் குறுக்கே ஒரு வெள்ளை வேட்டியைக் கட்டு. நிழல் விழுகிற பக்கத்தில் ஒரு சில்வர் தட்டை நிறுத்திவைத்தால் அது வெளிச்சத்தைத் திருப்பிக் கொடுக்கும். வெள்ளி, பித்தளைச் சாமான் என்றால் சாம்பல் எடுபடாது. கிழிந்த குடைத்துணியைப் பிரித்துத் தைத்து, கறுப்புத் திரையாகக் கட்டு. மண்பொம்மைக்குத் துவைத்த சாக்கே போதும். வெள்ளையாக எதையாவது எடுக்க வேண்டுமென்றால், பழைய வேட்டியில் நீலத்தை நன்றாகத் தூக்கலாகப் போட்டுக் கஞ்சியில் முக்கி, கசங்காமல் காயவிடு.

செய்யக்கூடாத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். கடை வைத்த புதிதில் ஒரு பாத்திரக் கடைக்காரர் பித்தளை விளக்குகளைப் படமெடுக்கக் கொண்டுவந்தார். எனக்கு அவரிடம் பேர் வாங்கவேண்டும் என்று ஆசை. பீரோவைத் திறந்து உன் அம்மாவின் கூறைப் புடவையை எடுத்துப் பின்னால் கட்டினேன். அரக்குச் சிவப்பு, பச்சைக் கரை. கறுப்பு வெள்ளைப் படத்தில் சிவப்பும் பச்சையும் ஒரே சாம்பலாகிவிடும் என்பது படம் கழுவியபிறகுதான் உறைத்தது. அதற்குள் விளக்கிலிருந்த எண்ணெய் முந்தானையில் உள்ளங்கை அகலத்துக்கு இறங்கியிருந்தது. அந்தப் புடவையை நான் தொட்டேனா என்று அவள் கேட்டபோது ‘எலியா இருக்கும்’ என்றேன். எலி எண்ணெயை எடுத்துப் புடவையில் ஊற்றுமா? உன் அம்மா சிரித்துவிட்டாள், நான் பிழைத்தேன். மாட்டிக்கொள்ளும் நேரத்தில் என் வாயில் முதலில் வருவது பொய்தான். இதை நீ தெரிந்துகொண்டு மேலே படி.

உன் மாமா விஷயத்துக்கு வருகிறேன். உனக்கு அப்போது பன்னிரண்டு வயது. லீவுக்கு அரும்பாவூர் போகவேண்டுமென்று நீ அழுதாய், நாங்கள் அனுப்பவில்லை. ‘மாமா தப்பு பண்ணிட்டாரு, அதனால பேச்சுவார்த்தை இல்ல’ என்று உன் அம்மா சொன்னாள். அதைத்தான் நீ இன்றுவரை நம்பிக்கொண்டிருக்கிறாய். அவளும் அதைத்தான் நம்பிக்கொண்டிருந்தாள், போன திங்கட்கிழமை வரைக்கும்.

உன் மாமா அப்போது ஒரு குதிரை செதுக்கினார். கோயில் குதிரை வாகனம் ஒன்றை அப்படியே சிறிதாக்கி, வாகைக் கட்டையில், ஒன்றரை அடி உயரத்துக்கு. முன்னங்கால் இரண்டையும் தூக்கி நிற்கும். கடிவாளத்தில் கோத்த மணிகூடத் தனித்தனியாகத் தெரியும். ‘இதக் காட்டித்தான் மச்சான் பெரிய வாகனத்துக்கு ஆர்டர் புடிக்கணும். ஒரு போட்டோ எடுத்துக் குடுங்க’ என்று துணியில் சுற்றிக் கொண்டுவந்தார். போஸ்டர் தாளை வளைத்துக் கட்டினேன். கேமராவைத் தரையோடு தரையாக வைத்து, குப்புறப் படுத்துக்கொண்டு எடுத்தேன். படம் கழுவிப் பார்த்தபோது எனக்கே உடம்பு சிலிர்த்தது. சுவரும் இல்லை, தரையும் இல்லை, பக்கத்தில் ஒரு துரும்பும் இல்லை. ஊரே திரண்டு தூக்கவேண்டிய வாகனம்போலக் குதிரை நின்றது. மாமா பார்த்துவிட்டு ஒரே வார்த்தைதான் சொன்னார்: ‘அளவப் பின்னால எழுதிடுங்க மச்சான்.’ எழுதுகிறேன் என்றேன். எழுதவில்லை. பெரிதாகப் பிரிண்ட் போட்டு, அட்டையில் ஒட்டி, ஸ்டுடியோ ஷோகேஸில் கல்யாண ஜோடிகளுக்கு நடுவில் மாட்டிவிட்டேன். கேட்கிறவர்களுக்கு வாயால் சொல்லிக்கொள்ளலாம் என்று நினைத்தேன்.

கார்த்திகையில் ஒருநாள் செட்டிகுளம் பக்கத்துக் கிராமம் ஒன்றிலிருந்து ஒரு தர்மகர்த்தாவும் இன்னும் இரண்டு பெரியவர்களும் வந்தார்கள். ஏதோ மனுவுக்குப் படம் எடுக்க வந்தவர்கள், ஷோகேஸைப் பார்த்து அப்படியே நின்றுவிட்டார்கள்.

‘சார், இந்தக் குதர வாகனம் எந்தக் கோயில்ல இருக்கு?’

‘கோயில்ல இல்லீங்க. அரும்பாவூர்ல எங்க மாப்ள பட்டறைல இருக்கு.’

‘குடுப்பாரா?’

‘குடுப்பாருங்க.’

‘சாமியோட தூக்குறதுன்னா எத்தன ஆளு வேணும்?’

அந்த இடத்தில்தான் நான் வாயைத் திறந்து ஒன்றரை அடி என்று சொல்லியிருக்கவேண்டும். அவர்கள் தப்பாக நினைத்துவிட்டார்கள் என்று எனக்கு நன்றாகத் தெரிந்தது. ஆனால் மூன்று பேரும் என் படத்தை வாய் பிளந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள். அளவைச் சொன்னால் அந்தப் பிரமிப்பு அப்படியே வடிந்துவிடும். எனக்கு மனசு வரவில்லை.

‘எட்டு ஆளு வேணுங்க’ என்றேன்.

கையில் இடுக்கிக்கொண்டு வந்த குதிரைக்கு எட்டு ஆள்! ஆனால் அன்றைக்கு என் மனசில் ஒரு கணக்கு இருந்தது. தை பிறந்தபிறகு வருவதாகச் சொன்னார்கள். அதற்குள் நான் அரும்பாவூர் போய், பெரிய வாகனமாகவே செய்யவேண்டும் என்று மாப்பிள்ளையிடம் சொல்லிவிடலாம். அவருக்கும் வேலை கிடைக்கும், என் படத்துக்கும் மரியாதை. வருகிற ஞாயிற்றுக்கிழமை போகலாம் என்றிருந்தேன். அந்த ஞாயிறு ஒரு கல்யாணம், அடுத்த ஞாயிறு ஒரு காதுகுத்து, அப்படியே மார்கழி போய்ப் பொங்கலும் வந்துவிட்டது. நான் போகவே இல்லை.

தை மாதத்தில் ஒரு வெள்ளிக்கிழமை காலை. ஸ்டுடியோ வாசலில் ஒரு டிராக்டர் வந்து நின்றது. டிரெய்லரில் நாதஸ்வரம், தவில், ஆளுயர மாலை, தேங்காய் பழத் தட்டு, செய்தவருக்குப் போட ஒரு புது வேட்டி. ‘நாள் நல்லாருக்கு சார். பாத்துட்டு அப்படியே ஏத்திட்டு வந்துடலாம்னு ஊர்ல முடிவு. வாங்க, வழி காட்டுங்க’ என்றார் தர்மகர்த்தா. குதிரை அடிபடக்கூடாது என்று டிரெய்லர் முழுக்க வைக்கோல் பரப்பியிருந்தார்கள். அந்த வைக்கோல்மேல்தான் நான் உட்கார்ந்து போனேன். வழி நெடுகச் சொல்லிவிடலாம், சொல்லிவிடலாம் என்று வாய் வரைக்கும் வந்தது. ஒவ்வொரு ஊர் வரும்போதும் தவில்காரர் வாசிக்க ஆரம்பித்துவிடுவார். மேளத்தின்மேல் பழி போடுகிறேன் பார். எனக்குத் தைரியம் இல்லை, அவ்வளவுதான்.

உன் மாமா மேளச் சத்தம் கேட்டு, கையில் உளியோடு வெளியே வந்தார். யார் வீட்டு விசேஷமோ என்று நினைத்திருப்பார். என்னைப் பார்த்துச் சிரித்து ‘வாங்க மச்சான்’ என்றார். குதிரை எங்கே என்று கேட்டார்கள். அவர் உள்ளே போய் அதை ஒரு கையில் எடுத்துக்கொண்டு வந்தார். தவில்காரர் வாசிப்பை நிறுத்திவிட்டு எட்டிப் பார்த்தார். பிறகு யாரோ சிரித்தார்கள். அப்புறம் எல்லோரும் சிரித்தார்கள், பக்கத்துப் பட்டறைக்காரர்களும்கூட. தர்மகர்த்தா மட்டும் சிரிக்கவில்லை. ‘சாமி காரியத்துல வெளயாடுறீங்களாய்யா? இதுக்கா எட்டு ஆளு?’ என்றார். மாமா என்னைப் பார்த்தார். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நான் சொன்னேன்: ‘மாப்ள அப்புடித்தாங்க சொன்னாரு. அவரு சொன்னதத்தான் நான் சொன்னேன்.’

எழுதும்போது இப்போதும் கை கூசுகிறது. உன் மாமா ஒரு வார்த்தையில் என்னைப் பொய்யனாக்கியிருக்கலாம். அக்கா புருஷனை ஊர் முன்னால் தலைகுனிய வைக்கக்கூடாது என்று அந்த மனுஷன் நினைத்தார். ‘ஆமாங்க. நாந்தான் சொன்னேன். தப்பாப் போச்சு, மன்னிச்சுக்குங்க’ என்று கும்பிட்டார். அவர்கள் மாலையைக்கூட இறக்காமல் திரும்பிப் போனார்கள். நானும் அதே டிராக்டரில் ஏறிக்கொண்டேன். அங்கே நின்றால் அவர் முகத்தைப் பார்க்கவேண்டியிருக்குமே!

அதோடு முடிந்திருந்தால்கூடப் பரவாயில்லை. செட்டிகுளத்திலிருந்து பூலாம்பாடி வரைக்கும் அவருக்கு ‘எட்டாளு’ என்று பட்டப்பெயர் விழுந்தது. கோயில்காரர்கள் நேரில் வந்து பார்க்காமல் அவரை நம்பவில்லை. அவரும் அதற்குப்பிறகு தன் வேலையைப் படமெடுக்க யாரையும் விடவில்லை. மற்றவர்கள் போட்டோ அனுப்பி வெளியூர் வேலையெல்லாம் வாங்கினார்கள், இவர் அவர்களிடமே கூலிக்குச் செதுக்கினார். உன் அம்மா என்ன செய்தாள் தெரியுமா? நான் சொன்னதை நம்பி, என் பக்கம் நின்று, கூடப்பிறந்த தம்பியைத் திட்டினாள். ‘ஒங்க பேரையும் சேத்துக் கெடுத்துட்டானே’ என்று என்னிடம் வருத்தப்பட்டாள். நான் கேட்டுக்கொண்டு சும்மா இருந்தேன். பன்னிரண்டு வருஷம் சும்மா இருந்தேன் தம்பி.

உன் கடிதத்தைப் படித்ததும், தாய்மாமனுக்குத் தபாலில் பத்திரிகை என்ற அந்த வரி என்னால் தாங்க முடியவில்லை. மணவறையில் அவர் நிற்கவேண்டிய இடம் காலியாக இருக்கப்போகிறது, அதற்கு நீ அவரைக் குறை சொல்லப்போகிறாய். அன்று சாயங்காலம் உன் அம்மா அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். எதிரில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன். அவள் கத்துவாள் என்று பார்த்தேன். அவள் முறத்தைக் கீழே வைக்கவில்லை. கல்லையும் குருணையையும் பொறுக்கி முடித்துவிட்டு, என்னைப் பார்க்காமலே, ‘நாளைக்கு மொத பஸ்ஸுக்குக் கெளம்புங்க’ என்றாள். பஸ்ஸில் வேறு சீட்டில் உட்கார்ந்துகொண்டாள்.

பட்டறையில் உன் மாமாவோடு நாலைந்து பேர் வேலை செய்துகொண்டிருந்தார்கள். அவர் தலை முழுக்க நரைத்துவிட்டது. அக்காவைப் பார்த்ததும் எழுந்தார், என்னைப் பார்த்ததும் மறுபடி உட்கார்ந்தார். எல்லோர் முன்னாலும் சொல்லவேண்டும் என்று பஸ்ஸிலேயே முடிவு செய்திருந்தேன், சொன்னேன். ‘எட்டு ஆளுன்னு சொன்னது நான். அளவ எழுதச் சொல்லியும் எழுதாம விட்டது நான். இவரு ஒண்ணும் சொல்லல. பழிய இவரு மேல போட்டுட்டு வண்டி ஏறிப் போனவன் நான்’ என்றேன். மற்றவர்கள் உளியைக் கீழே வைத்துவிட்டுத் திரும்பிப் பார்த்தார்கள்.

உன் மாமா தலையைத் தூக்காமல், ‘அத இப்ப எதுக்கு மச்சான்? நாந்தான் அன்னிக்கே ஒத்துக்கிட்டேனே’ என்றார். உன் அம்மா அவர் பக்கத்தில் போய் அந்தச் செதுக்குத் தூள்மேலேயே உட்கார்ந்து, ‘என்கிட்டயாச்சும் சொல்லியிருக்கக் கூடாதாடா?’ என்று அழுதாள். ‘ஒனக்குப் புருசன் வேணும்ல’ என்றார் அவர். பிறகு எழுந்து கைகழுவிவிட்டு வந்து, பத்திரிகைத் தட்டை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார். முகூர்த்தம் எத்தனை மணிக்கு என்று கேட்டார். கல்யாண மாப்பிள்ளை உனக்கு வேட்டி என்ன கரை பிடிக்கும் என்று உன் அம்மாவைக் கேட்டார். என்னிடம் அதிகம் பேசவில்லை. பேசவேண்டும் என்று நான் எதிர்பார்க்கவும் கூடாது.

கிளம்பும்போது உள்ளே போய், பழைய வேட்டியில் சுற்றிய ஒன்றை எடுத்துவந்து என் கையில் வைத்தார். அந்தக் குதிரை. பன்னிரண்டு வருஷமாக அதை விற்கவும் இல்லை, யாருக்கும் காட்டவும் இல்லையாம். ‘புள்ளைக்குக் குடுங்க. அவன் போட்டோ எடுக்குறான்னு சொன்னீங்கள்ல, எடுத்தா பக்கத்துல ஒரு தீப்பெட்டிய வெக்கச் சொல்லுங்க’ என்றார். அவர் முகத்தில் சிரிப்பு இருந்ததா என்று என் கண்ணுக்குச் சரியாகத் தெரியவில்லை. எனக்கு அழுகை வந்துவிட்டது. பட்டறை வாசலில் நின்று, குதிரையைப் பிடித்துக்கொண்டு அழுதேன். இந்தமுறை பஸ்ஸில் உன் அம்மா என் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

ஆகவே நீ கேட்ட திரைக்கு இதையும் சேர்த்துக்கொள். தாளை எப்படி வேண்டுமானாலும் வளைத்துக் கட்டு, சுவரை மறை, தரையை மறை, அதில் குற்றமில்லை. ஆனால் ஒவ்வொரு பொருளையும் ஒருமுறையாவது பக்கத்தில் ஒரு தீப்பெட்டியோ உன் கையோ தெரிகிற மாதிரி எடு. அளவை அன்றைக்கே படத்தின் பின்னால் எழுது. வாங்குகிறவர் பெரிதாக நினைத்துக்கொண்டு சந்தோஷப்படும்போது அந்தச் சந்தோஷத்தைக் கெடுக்க உனக்கு மனசு வராது. அப்போதே கெடுத்துவிடு. இது கிடைத்ததும் மாமாவுக்கு உன் கையால் ஒரு கடிதம் எழுது, என்னைப் பற்றி ஒன்றும் எழுதவேண்டாம். குதிரையைப் பார்சலில் அனுப்ப எனக்குப் பயமாக இருக்கிறது, கல்யாணத்துக்கு வரும்போது நீயே எடுத்துக்கொண்டு போ. எடுத்துப்போக யாரையும் கூட்டிவரவேண்டாம். உயரம் ஒன்றரை அடி. ஒரு ஆள் போதும்.

இப்படிக்கு,
உன் அப்பா